கம்பி நகைக்கு வேண்டிய கருவிகள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசப் பணித்த காரியதரிசி அவர்கள், "தொழிலைப்பற்றி ஏதேனும் சொல்லுங்கள்; பழம்பெருமை வேண்டாம்" என்று முன்னதாகவே எச்சரித்துவிட்டார்கள். அது நல்லதே. பழம்பெருமை பேசுதற்கு நம்மில் அநேகர் உளர். சுத்தியலைப் பிடிப்பதற்குத்தான் ஆள் குறைந்து வருகின்றது. ஆகவே, கம்பியால் நகை செய்வார்க்கு இன்றியமையாத கருவிகள் யாவை, அவற்றுள் எதனை முதலில் வாங்கவேண்டும், எதனை வாங்காமலே இருக்கலாம் என்னும் சிறு பொருளையே யாம் எடுத்துக்கொண்டோம்.

இதனை எடுத்துக்கொள்ளச் செய்தவள் எம் பேத்தி. கலாசாலைப் படிப்பை முடித்து வீட்டிலிருக்கும் அவள், செம்புக் கம்பியிலும் வெள்ளிக் கம்பியிலும் காதணி, கைவளை முதலியன செய்து விற்கலாம் என்று கருதி, சென்ற ஆண்டில் 18 கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்றைக் கைப்பேசி வழியாக வரவழைத்தாள். யாரையும் கேட்கவில்லை, ஐம்பது ஆண்டு பட்டடையின் முன் உட்கார்ந்த பாட்டனாரையும் கேட்கவில்லை. பத்து நாளில் கட்டைவிரலின் அடி வீங்கிற்று. வெள்ளிக் கம்பியெல்லாம் எலி கடித்தாற்போல் வடுப்பட்டது. ஒருநாள் மாலை அப்பெட்டியைக் கொணர்ந்து எம்முன் வைத்து, "தாத்தா, எனக்குக் கை வரவில்லை" என்றாள். யாம் ஒரு குறட்டை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தோம். "உனக்குக் கை வந்திருக்கிறது அம்மா; குறட்டுக்குத்தான் பல் வந்திருக்கிறது" என்றோம்.

மின்சார வேலைக்காரர் வைத்திருக்கும் குறட்டின் வாயில் அரத்தைப்போல் வரிவரியாகப் பல் வெட்டியிருப்பதை யாவரும் கண்டிருப்பீர்கள். இரும்பு ஆணியையும் திருகையும் இறுகப் பற்றுதற்கு அப்பல் வேண்டும். வெள்ளியும் பொன்னும் செம்பும் மெத்தென்ற உலோகங்கள். அவற்றின்மேல் அப்பல் ஒருமுறை பட்டால் பட்ட தடம் பட்டதுதான். அரத்தால் தேய்த்து அதனை அழிக்கப் புகுந்தால் கம்பி அவ்விடத்தில் மெலிந்து, பின்னர் அங்கேயே ஒடியும். ஆதலால் கம்பி வேலைக்குரிய குறட்டின் வாய் கண்ணாடிபோல் வழவழப்பாயிருத்தல் வேண்டும். அதன் ஓரங்கள் கூர்மையாயிருப்பினும் தீங்கே. மெல்லிய உப்புத்தாளால் ஓரங்களைச் சற்று மழுக்கிக்கொள்ள வேண்டும். பேத்தியின் பெட்டியிலிருந்த ஆறு குறடுகளில் நான்குக்குப் பல் இருந்தது. அந்நான்கையும் தோட்டத்துக் கம்பிவேலிக்கென ஒதுக்கிவிட்டோம்.

எத்தனை குறடு வேண்டும்? மூன்று போதும். அவற்றுள் இரண்டு தட்டை மூக்குடையனவாகவும், ஒன்று உருண்டை மூக்குடையதாகவும் இருத்தல் வேண்டும். தட்டை மூக்கில் ஏன் இரண்டு என்று கேட்கலாம். சங்கிலிக்குரிய சிறு வளையத்தைத் திறக்கும்போது, அதன் இரு முனைகளையும் இடமும் வலமுமாக இழுத்து விரிக்கலாகாது; விரித்தால் வட்டம் கெட்டுவிடும், மூடினாலும் முட்டை வடிவே எஞ்சும். ஒரு முனையை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகக் கதவு திறப்பதுபோல் திருப்பவேண்டும். அங்ஙனம் திருப்புதற்கு இரு கையிலும் ஒவ்வொரு குறடு வேண்டும். கடைக்காரர் அவ்விரண்டையும் இரு வேறு பெயரிட்டு இருவிதமாக விற்பர். ஒன்றன் மூக்கு அகன்றும் மற்றொன்றன் மூக்கு நுனி நோக்கிக் குறுகியும் இருந்தால் இன்னும் நன்று.

உருண்டை மூக்குக் குறட்டின் வாய் அடியில் பருத்து நுனியில் சிறுத்த இரண்டு கூம்புகளாகும். கண்ணிபோன்ற வளைவுகளை ஆக்குவது இதுவே. காதணி ஒன்றுக்கொன்று இணையாக வரவில்லை என்று இளைஞர் வருந்துவது பெரும்பாலும் இக்கூம்பினால்தான். ஒரு வளைவை நுனியருகிலும் மற்றொன்றை நடுவிலும் வைத்து வளைத்தால் அவை எங்ஙனம் ஒத்திருக்கும்? கூம்பின்மேல் மையினால் ஒரு கோடு இட்டுக்கொண்டு, எப்போதும் அக்கோட்டிலேயே கம்பியை வைத்து வளைத்தல் வேண்டும். இச்சிறு உபாயத்தைச் சொன்ன மறுநாளே பேத்தியின் காதணிகள் இரட்டைப் பிள்ளைகளாயின.

வெட்டுக்குறடு ஒன்று தனியே வேண்டும். அதன் ஒரு பக்கம் குழிந்தும், மறுபக்கம் தட்டையாயும் இருக்கும். தட்டைப் பக்கத்தை நகையின் புறமாக வைத்து வெட்டினால் முனை சமமாக விழும். மாற்றி வைத்தால் கூரிய மூக்கொன்று நின்று, உடுத்துவாரின் சேலையைக் கிழிக்கும். இக்குறட்டால் எக்காரணத்தாலும் எஃகுக் கம்பியை வெட்டலாகாது. கைவளைக்கென்று சுருள்சுருளாக விற்கும் விறைத்த கம்பி எஃகேயாகும். அதனை ஒருமுறை வெட்டினால் குறட்டின் வாயில் பிறைபோல் ஒரு பள்ளம் விழும், அப்புறம் அது வெள்ளிக்கு உதவாது. இன்னொன்று: வெட்டிய துணுக்கு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெட்டுதல் வேண்டும். கண்ணாடி அணியாதவரும் வேலை நேரத்தில் கண்ணாடி அணிதல் வேண்டும். நம்மவரில் கண்ணை இழந்தோர் அனைவரும் நெருப்பினால் இழந்தவர் அல்லர்.

அரம், அளவுகோல், கம்பியைச் சுற்றுதற்குப் பல பருமனுள்ள உருண்டைக் கோல்கள் ஆகியவற்றைப் பற்றி நெடிது பேச வேண்டுவதில்லை. கோல்களுக்குப் பின்னலூசியும் பழைய எழுதுகோலும் போதும். அரம் முன்னே தள்ளும்போதுதான் அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்துவோர் அரத்தையே தேய்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்வோம்.

சுத்தியலும் பட்டடையும் பற்றிச் சற்றே நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், கம்பியின் குணம் இங்கேதான் விளங்கும். உலோகக் கம்பியை வளைக்க வளைக்க, தட்டத் தட்ட, இழுக்க இழுக்க அது விறைக்கும். இது கம்பி வேலையின் உயிர்நிலை. கொக்கி தன் வடிவத்தில் நிற்பதும் இவ்விறைப்பினால். ஒரே இடத்தில் பலமுறை வளைத்த கம்பி ஒடிவதும் இவ்விறைப்பினால். எனவே வளைத்து முடித்த காதுக்கொக்கியை எஃகுக் கட்டையின்மேல் வைத்து, முகம் மெருகிட்ட சிறு சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டவேண்டும்; அது சற்றுத் தட்டையாகி விறைத்து நிற்கும். தட்டையாகாமல் விறைக்க மட்டும் வேண்டின், கொட்டாப்புளியால் தட்டவேண்டும். மரம் கம்பியை நசுக்காது. சுத்தியல் முகத்தில் உள்ள ஒவ்வொரு தழும்பும் நகையில் அச்சாக விழும். ஆணி அடித்த சுத்தியலை நகைமேல் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அக்காலத்தில் கிடையாது. பிள்ளைகள் அதைத் தொட்டால் உதைதான்.

கடையில் வாங்கிய கம்பியை வளைப்பார்க்கு இவ்வளவே போதும். மூன்று குறடு, ஒரு வெட்டுக்குறடு, ஓர் அரம், சுத்தியல், கொட்டாப்புளி, எஃகுக் கட்டை. எண்ணிப் பாருங்கள், எட்டு. பேத்தியின் பெட்டியிலோ பதினெட்டு.

இனி, கம்பியையே தாமாகச் செய்துகொள்வார்க்கு வேண்டுவது கம்பியச்சு. அதனைச் சொல்லுமுன் எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1963-ஆம் ஆண்டு சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய நகை செய்தல் ஆகாது என்றனர். யாம் அப்போது பத்து வயதுச் சிறுவர். 22 காரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்குச் சற்று மேலாகப் பொன். 14 காரட் என்றால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்கே பொன், எஞ்சியது செம்பும் வெள்ளியும் பிறவும். அது கையில் சீக்கிரம் விறைக்கும். கம்பியாக இழுக்கும்போது விரைவில் அறும். நம் மக்களோ அந்த நிறத்தை விரும்பவில்லை. வேலை நின்றது. எம் தந்தையார் முதலில் உருட்டு இயந்திரத்தை விற்றார், பிறகு தராசை, பிறகு ஒருநாள் கம்பியச்சை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக்காரனிடம் சென்றார். அவன் அதனை நிறுத்து, இரும்பு விலை கொடுத்தான். அவருடைய பாட்டனார் காலத்து அச்சு அது. அன்றிரவு அவர் உண்ணவில்லை என்று எம் அன்னையார் பின்னாளில் சொல்லக் கேட்டோம்.

சில ஆண்டு சென்று வேலை மறுபடி சிறிது சிறிதாக வந்தபோது, அவரிடம் ஊதுகுழல் இருந்தது, சாமணம் இருந்தது; அச்சு இல்லை. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் அச்சை விற்காமல் நெற்குதிரில் போட்டு வைத்திருந்தார். பகலில் அவர் வேலை செய்வார். விளக்கு வைத்தபின் எம் தந்தையார் அதனை வாங்கி வந்து விடியுமட்டும் கம்பி இழுப்பார். அச்சை வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் எம் வேலை. இங்ஙனம் பல ஆண்டு நடந்தது. வாடகையென்று ஒரு காசும் அப்பெரியவர் வாங்கியதில்லை. 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைத்தது 1990-இல்தான் நீங்கிற்று. அவ்வாண்டுக்குள் அப்பெரியவரும் காலஞ்சென்றார். அவர் பிள்ளைகள் வேறு உத்தியோகங்களுக்குச் சென்றுவிட்டமையால், அச்சு எம்மிடமே வந்து சேர்ந்தது.

அச்சு என்பது யாது? கடினமான எஃகுப் பலகை ஒன்றில் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு புறம் அகன்று, மறுபுறம் குறுகியிருக்கும். அகன்ற புறமே கம்பியின் நுழைவாயில். கம்பியின் நுனியை அரத்தால் ஊசிபோல் தேய்த்து நுழைத்து, மறுபுறம் எட்டிப் பார்க்கும் நுனியை வலிய குறட்டால் பற்றி, நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் தடம் விழும். தேன்மெழுகைக் கம்பியில் தடவிக்கொள்வது வழக்கம். "கம்பி நீட்டினான்" என்றால் ஊரார்க்கு ஓடிப்போனான் என்று பொருள். நமக்கோ, ஒருவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் உழைத்தான் என்று பொருள்.

ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வேறுபாடு மயிரிழையே. அவசரப்பட்டு ஒரு துளையைத் தாண்டி இழுப்போன் கம்பியை அறுத்துக்கொள்வான். சில துளைகள் கடந்ததும் கம்பி விறைத்துக் கை வலிக்கத் தொடங்கும். அதுவே அடையாளம், கம்பியைச் சுருட்டி நெருப்பில் காட்டிப் பதப்படுத்தவேண்டும். செம்பும் வெள்ளியும் மங்கிய செந்நிறம் கொள்ளுமட்டும் காட்டினால் போதும். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்நிறம் தெரியாது, நிழலில் வைத்தே பார்க்கவேண்டும். வெள்ளி 962 பாகை வெப்பத்திலும், பொன் 1,064 பாகையிலும், செம்பு 1,085 பாகையிலும் உருகும். மெல்லிய கம்பி கண்ணிமைக்கும் நேரத்தில் உருண்டு மணியாகிவிடும். பதப்படுத்திய கம்பி மறுபடி பட்டுநூல்போல் இணங்கும். இழுத்தலும் பதப்படுத்தலும் மாறி மாறி நடப்பதுதான் கம்பிசெய்தல்.

கம்பியின் கணக்கையும் இளைஞர் அறிதல் நலம். 1 மில்லிமீட்டர் பருமனுள்ள தூய வெள்ளிக் கம்பி ஒரு மீட்டருக்கு எட்டேகால் கிராம் எடை நிற்கும். அதனையே அரை மில்லிமீட்டராக இழுத்தால், இரண்டு மீட்டர் வரும் என்று பலர் நினைப்பர். நான்கு மீட்டர் வரும். பருமன் பாதியானால் நீளம் நான்கு மடங்கு. எத்தனை கிராம் வெள்ளி வாங்கவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுதற்கு இது உதவும். கடையில் கம்பியை எண்ணால் விற்பர். எண் பெருகப் பெருகக் கம்பி மெலியும். அவ்வெண்ணிலும் இருவகை உண்டு. 20-ஆம் எண் என்பது பிரிட்டிஷ் அளவில் 0.914 மில்லிமீட்டர், அமெரிக்க அளவிலோ 0.812 மில்லிமீட்டர். புத்தகம் அமெரிக்காவினதாயும் கம்பி இந்நாட்டினதாயும் இருந்தால் கொக்கி காதுத்துளையில் நுழையாது. மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே சரி.

அச்சின் துளையும் தேயும். தேய்ந்தால் அகலும், ஓரம் பிளந்தால் கம்பி நெடுகக் கீறல் விழும். ஆகவே ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு துளையிலும் செம்புக் கம்பியை இழுத்து, கம்பியின் பருமனை அளந்து பார்க்கவேண்டும். இக்காலத்தில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த துளைகளையுடைய அச்சுகள் வருகின்றன. விலை அதிகம், ஆனால் தேய்வு மிகக் குறைவு. பொருள் உள்ளவர் அதனை வாங்கலாம். பரண்மேல் பாட்டனார் அச்சு உள்ளவர் முதலில் அதனை இறக்கி எண்ணெயிட்டுத் துடைத்துப் பார்க்கவேண்டும்.

பற்றவைக்கும் வேலைக்கு வேண்டுவன நெருப்பு, வெண்காரம், பற்றாசு, சாமணம் ஆகிய நான்கே. வெண்காரத்தை நீர்விட்டுக் கல்லில் உரைத்து மூட்டில் தடவி, பற்றாசுப் பொடியை வைத்து ஊதுவது நம் முறை. "பொடி வைத்துப் பேசுகிறான்" என்று ஊரார் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு எம் தந்தையாரின் ஊதுகுழலே நினைவுக்கு வரும். வாயால் ஊதியே கன்னம் ஒட்டிப்போனவர் அவர். இன்று சிறு எரிவாயு விளக்கு வந்திருப்பதை யாம் மனமார வரவேற்கிறோம். பற்றவைத்தபின் நகையைப் புளிநீரிலோ படிகார நீரிலோ கொதிக்க வைத்து அழுக்கெடுக்கும்போது, இரும்புச் சாமணத்தை அந்நீரில் விடலாகாது. செம்பு கரைந்த நீராயின் வெள்ளியின்மேல் செம்பு படிந்து சிவந்துவிடும். மூங்கில் குச்சியே போதுமானது.

பற்றாசைப்பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவேண்டும். "கே.டி.எம்." என்று பெயர் பெற்ற பற்றாசில் சேர்வது காட்மியம். அது 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அதாவது பொன் உருகுவதற்கு நெடுந்தூரம் முன்னே அது நம் மூக்கில் ஏறிவிடும். அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. காற்றில்லாத சிறு அறையில், பிள்ளைகள் பக்கத்தில் படுத்துறங்க, அதனை ஊதிய வீடுகளை யாம் அறிவோம். அந்தப் பொடி எந்த வீட்டிலாவது எஞ்சியிருந்தால், "விலை கொடுத்து வாங்கியதாயிற்றே" என்று தீர்த்துவிட எண்ணவேண்டா. துத்தநாகம் சேர்ந்த பற்றாசுகள் கிடைக்கின்றன; அவற்றுக்கும் பலகணி திறந்திருக்க வேண்டும்.

கம்பி வாங்குவதிலும் இரண்டு எச்சரிக்கை. பழைய மின்மோட்டாரைப் பிரித்தெடுத்த செம்புக் கம்பியின்மேல் மெல்லிய பூச்சு உண்டு. அதனை நெருப்பில் காட்டினால் நச்சுப்புகை எழும். "ஜெர்மன் வெள்ளி" என்பதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே. நிக்கல் பலர் காதைப் புண்ணாக்கும். காதில் நுழையும் கொக்கியை மட்டுமாவது நல்ல வெள்ளியில் செய்யுங்கள். வாங்கிய பெண் ஒருத்திக்குக் காது புண்ணானால், பின் அவள் தோழியர் ஒருவரும் வாரார்.

எம் பேத்தி இப்போது அந்த எட்டுக் கருவிகளுடன் வேலை செய்கிறாள். வெள்ளியை அவளே இழுத்துக்கொள்கிறாள். முதலில் இரண்டு துளைக்கு மேல் இழுக்க மாட்டாமல் கம்பியைச் சினந்தாள். அச்சைப் பலகையில் திருகி இறுக்கி, கையால் இழுக்காமல் உடலின் பாரத்தால் பின்னே சாய்ந்து இழுக்கக் கற்றபின் விரல் வீக்கம் நின்றது. பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வெள்ளியும் கூலியும் கழிய மாதந்தோறும் ஏதோ மிஞ்சுகிறது. முதல் மாத மிச்சத்தில் அவள் வாங்கியது இன்னொரு கருவி அன்று. ஒரு நல்ல விளக்கு. அது கண்டு எமக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே விரித்தால் காரியதரிசி அவர்கள் மணியடித்துவிடுவார்கள்.

பரணில் அச்சும் குறடும் கிடக்க, அவற்றால் இனி வேலையில்லை என்று கருதும் குடும்பங்கள் நம்மில் பல உள. பழைய இரும்புக்காரன் இன்றும் தெருவில் கூவிக்கொண்டுதான் போகிறான். அவனைக் கூப்பிடுமுன் நமக்கொரு சொல் சொல்லி அனுப்புங்கள். கேட்பார்க்கு இரவல் கொடுத்து வாங்கிவர யாம் இன்றும் ஆயத்தமாயிருக்கிறோம். அவ்வேலை எமக்குப் பத்து வயதிலிருந்தே பழக்கம்.

அண்டை வீட்டுப் பெரியவரின் அச்சு இதோ மேடைக்கு வலப்பக்கத்து மேசைமேல் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. பதப்படுத்திய செம்புக் கம்பியும், மெழுகும், குறடும் பக்கத்தில் உள்ளன. கூட்டம் கலைந்தபின் விரும்புவோர் ஒவ்வொருவரும் ஒரு துளை இழுத்துப் பார்க்கலாம். பெண்மக்கள் முதலில் வருக. நுனியைத் தேய்த்துக் கொடுக்க எம் பேத்தி அங்கே நிற்கிறாள்.